ஒல்லாந்த மொழியும் குர்து மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

அலுவலகத்தைக் 'கந்தோர்' என்றும், மேசையின் இழுப்பறையை 'லாச்சி' என்றும் நம் நாட்டார் வழங்கி வருகின்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள் அவை. ஆள்வோரின் மொழியாக நாம் அறிந்த அம்மொழிக்கு, மேற்காசியாவின் மலைநாடுகளில் ஆளப்படுவோரின் மொழியாக நெடுங்காலம் வாழ்ந்த உறவுமொழி ஒன்றுண்டு. அதுவே குர்து மொழி. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவது மொழியியலார்க்கு மட்டுமன்றி, மொழிகளின் உயர்வு தாழ்வு பற்றிச் சிந்திக்கும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒல்லாந்தம் ஆங்கிலத்தோடும் ஜேர்மனோடும் ஜேர்மானியக் கிளையிலும், குர்து பாரசீகத்தோடு ஈரானியக் கிளையிலும் அடங்கும். விண்மீனை ஒல்லாந்தர் 'ஸ்டெர்' என்பர். குர்தியர் 'ஸ்டேர்' என்பர். பெயர் என்பதற்கு முன்னவர் 'நாம்' எனவும், பின்னவர் 'நாவ்' எனவும் கூறுவர். உடன்பிறந்தான் அங்கே 'ப்ரூடர்', இங்கே 'பிரா'. இவை கடன் வாங்கிய சொற்களல்ல; ஒரே மூலத்திலிருந்து வந்த முதுசொம்.

இலக்கணத்தில் இரண்டும் வெவ்வேறு வழியிற் சென்றுள்ளன. குர்து மொழியின் வடகிளையாகிய குர்மாஞ்சியில், 'நான் உன்னைக் கண்டேன்' என்னும் இறந்தகால வாக்கியத்தின் வினை, கண்டவனாகிய 'நான்' என்பதோடு இயையாது, காணப்பட்ட 'நீ' என்பதோடு இயையும். ஒல்லாந்தத்தில் இவ்வழக்கில்லை. பெயர்ச்சொற்களை ஆண்பால், பெண்பால் எனப் பகுக்கும் பழைய முறையைக் குர்மாஞ்சி இன்றும் பேணுகின்றது. ஒல்லாந்தத்திலோ அவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. ஒன்று நுண்ணியது, மற்றது பரும்படியானது என்று தீர்ப்புக்கூற இலக்கணம் இடந்தரவில்லை.

எண்ணிக்கையும் இடந்தரவில்லை. ஒல்லாந்தத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 250 இலட்சம் பேர். குர்து மொழியினர் அவர்களிற் குறைந்தவரல்லர் என்பதே பொதுவான மதிப்பீடு. ஆயினும், முன்னதற்குச் சட்டமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் உண்டு. 1864இல் வெளிவரத் தொடங்கி 1998இல் நிறைவுற்ற பேரகராதியும் உண்டு. பின்னதோ அரபு எழுத்திலும், இலத்தீன் எழுத்திலும், சோவியத் நாட்டிலே சிரில் எழுத்திலும் எனச் சிதறுண்டு எழுதப்பட்டது. இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

பதினாறாம் நூற்றாண்டில் ஒல்லாந்தமும் பல வட்டாரவழக்குகளின் தொகுதியாகவே இருந்தது. கல்விக்கு இலத்தீனும், மேலோர் அவைக்குப் பிரெஞ்சும் உரியனவாயிருந்தன. 1568இல் ஸ்பானிய ஆட்சிக்கெதிரான போராட்டம் தொடங்கியது. 1585இல் அன்ட்வேர்ப் நகரம் வீழ்ந்தபோது, அங்கிருந்த வணிகரும் கைவினைஞரும் வடக்கே பெயர்ந்து அம்ஸ்ரர்டாமை வளப்படுத்தினர். கணக்கையும் கப்பலோட்டலையும் தன் மொழியிலேயே கற்க வேண்டிய தேவை இப்புதிய வணிக வர்க்கத்துக்கு இருந்தது. சைமன் ஸ்டெவின் கணிதத்துக்கு ஒல்லாந்தக் கலைச்சொற்களை ஆக்கினார். குடியரசின் ஆணையால் மொழிபெயர்க்கப்பட்ட விவிலியம் 1637இல் வெளிவந்தது. பல மாகாணத்தாருக்கும் பொருந்தும் வடிவங்களை நாடிய அந்நூல், பொதுமொழி உருவாகத் துணைபுரிந்தது. 1648இல் குடியரசின் சுதந்திரத்தை ஸ்பெயினும் ஒப்புக்கொண்டது.

அதே காலத்தில் குர்தியர் நிலம் இரண்டு பேரரசுகளின் எல்லையாயிற்று. 1639இல் ஒட்டோமான் துருக்கியரும் பாரசீகரும் செய்த உடன்படிக்கை அதனைப் பங்கிட்டது. ஆற்றல் மிக்க படைப்பாளர் ஆங்கு இல்லாமலில்லை. 1692 அளவில் அஹ்மதே கானி 'மெம்-சின்' என்னும் காதற் காவியத்தைப் பாரசீகத்தில் அன்றிக் குர்து மொழியிலேயே இயற்றினார். தம் மக்களுக்கென ஓர் அரசு இன்மையையும் அதில் வருந்திக் கூறினார். கவிஞன் இருந்தான், அவன் நூலைப் பள்ளிதோறும் கொண்டுசெல்லும் அச்சகமும் அரசும் இருந்தில.

1898ஆம் ஆண்டின் சித்திரை மாதம் இவ்விரு மொழிகளின் வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. 1830இல் தோன்றிய பெல்ஜியத்தில் ஒல்லாந்தம் பேசிய பிளெமிஷ் மக்களே பெரும்பான்மையினர். எனினும் ஆட்சியும் உயர்கல்வியும் பிரெஞ்சு மொழியின் பிடியில் இருந்தன. 1893இல் வாக்குரிமை ஆண்கள் யாவர்க்கும் விரிக்கப்பட்டது. உழவனின் வாக்கு பாராளுமன்றத்தை அடைந்ததும், உழவனின் மொழியும் அதன் வாயிலிற் சென்று நின்றது. 1898 ஏப்ரில் 18இல் ஒல்லாந்த மொழிக்குச் சட்டத்தில் சமவுரிமை வழங்கப்பட்டது. 1930இல் கென்ட் பல்கலைக்கழகம் முழுவதும் ஒல்லாந்த மொழிக்கு உரியதாயிற்று.

அச்சட்டம் நிறைவேறிய நான்காம் நாள், ஏப்ரில் 22இல், முதலாவது குர்து செய்தித்தாளான 'குர்திஸ்தான்' வெளியாயிற்று. வெளியான இடமோ குர்தியர் நாடன்று, கெய்ரோ நகரம்! 1920இன் செவ்ரே உடன்படிக்கை அளித்த நம்பிக்கையை 1923இன் லொசான் உடன்படிக்கை துடைத்தெறிந்தது. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்னும் நான்கு நாடுகளிலும் குர்தியர் சிறுபான்மையினராயினர். துருக்கியில் 1924இல் குர்துப் பள்ளிகள் மூடப்பட்டன. 1983இன் சட்டமோ அம்மொழியில் அச்சிடுவதையும் ஒலிபரப்புவதையும் தடைசெய்து, 1991 வரை நிலவியது. அவ்விருளிலும் மொழி தன் பணியை நிறுத்தவில்லை. யெரெவான் நகரில் 1930இல் 'ரியா தாசா' இதழும், டமஸ்கசில் 1932இல் 'ஹாவார்' இதழும் தோன்றின. 2005ஆம் ஆண்டின் ஈராக்கிய அரசியலமைப்பு அரபு மொழியோடு குர்து மொழியையும் அரசகரும மொழியாக ஏற்றது.

ஒடுக்கப்பட்ட மொழியின் வழித்தோன்றல் ஒடுக்கும் மொழியாகவும் மாறலாம் என்பதற்கும் ஒல்லாந்தமே சான்று. அதன் கிளையாகிய ஆபிரிக்கான்சைத் தம்மீது திணித்ததை எதிர்த்து, 1976 ஜூன் 16இல் தென்னாபிரிக்காவின் சொவெற்றோவில் கறுப்பின மாணவர் தெருவிலிறங்கினர்; பொலிசார் அவர்களைச் சுட்டனர்.

ஆதலின், வளமும் வறுமையும் மொழியின் குருதியில் ஊறியவையல்ல என்பது தெளிவு. சந்தையும் அச்சகமும் வாக்குரிமையும் பள்ளியும் யார் கையிலிருந்தன என்பதே அவற்றைத் தீர்மானித்தது. அடுத்தமுறை ஒரு மொழியைப் 'பண்படாதது' என எவரேனும் கூறக் கேட்பின், அதனைப் பேசுவோரின் பிள்ளைகளுக்கு அம்மொழியிற் படிக்கப் பள்ளி இருந்ததா என்று நாம் வினவுவோம்.