சீனிவாச இராமானுசனின் பிறப்புச் சாதகம்

கணித மேதை சீனிவாச இராமானுசனின் பிறப்புச் சாதகம் சோதிடர்களாலும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோராலும் பேசப்படும் ஒன்றாகும். அதன் அமைப்பையும், அதற்குக் கூறப்படும் பலனையும், வரலாற்று நோக்கில் அதன் மதிப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்புக் குறிப்பு

இராமானுசன் 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை, சர்வசித்து ஆண்டு மார்கழி மாதத்தில், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். நேரம், சூரியன் மறைந்த சற்றுப் பின். நட்சத்திரம் உத்திரட்டாதி. தாயார் கோமளத்தம்மாள் சாதகம் பார்க்க அறிந்தவர்.

சாதக அமைப்பு

மார்கழியில் சூரியன் தனுசு இராசியில் நிற்கும். அது மேற்கே மறையும் வேளையில், அதற்கு ஏழாம் இராசியான மிதுனம் கிழக்கே உதிக்கும். உதிக்கும் இராசியே இலக்கினம்; ஆகவே இலக்கினம் மிதுனம். உத்திரட்டாதியின் நான்கு பாதங்களும் மீனத்தில் அடங்குவதால் சந்திரன் நிற்கும் இராசி மீனம். இதுவரை உள்ளது வானியல் கணக்கு. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவரும் இதைச் சரிபார்க்கலாம்.

கூறப்படும் பலன்

மிதுனத்தின் அதிபதி புதன். சோதிடத்தில் கணிதத்துக்கும் கல்விக்கும் உரிய கோள் அதுவே. மீனம் இலக்கினத்துக்குப் பத்தாம் இடம், அதாவது தொழில் ஸ்தானம். அதன் அதிபதி குரு. எனவே 'அறிவே தொழிலாக அமையும் சாதகம்' என்று பலன் சொல்வது சோதிட முறைக்குப் பொருத்தமானதே.

குடும்ப வாழ்வில் சாதகம்

கோமளத்தம்மாள் சாதகப் பொருத்தம் பார்த்தே இராசேந்திரம் என்னும் ஊரைச் சேர்ந்த சானகியை மகனுக்கு மணமுடித்தார். திருமணம் 1909 சூலை 14 அன்று நடந்தது. மகன் நோயுற்றிருந்த இறுதிக் காலத்தில், பெயரைச் சொல்லாமல் ஒரு சோதிடரிடம் அவர் சாதகத்தைக் காட்டியதாகவும், 'உலகப் புகழ் உண்டு, ஆயுள் குறைவு. நீண்ட ஆயுள் என்றால் புகழ் இராது' என்னும் பொருளில் சோதிடர் கூறியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இராமானுசன் 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சென்னையில் மறைந்தார்.

வரலாற்று நோக்கு

இங்கு மாணவர்கள் மூன்றைக் கருத வேண்டும்.

முதலாவது, ஓர் இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாளும் நீடிக்கும். அன்று மாலை அவ்வட்டாரத்தில் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் மேற்சொன்ன அமைப்பே இருந்திருக்கும்.

இரண்டாவது, சோதிடர் கூற்றைத் தரும் வாழ்க்கை வரலாறுகள் இராமானுசன் மறைவுக்குப் பிந்தியவை. முடிவு தெரிந்தபின் பலனைப் பொருத்துவது எளிது.

மூன்றாவது, இதுவே முதன்மையானது. அவரது நோய் காசம் என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. 1994இல் டி. ஏ. பி. யங் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அந்நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது. இக்கருத்து சரியெனில், தவறிய நோயறிதலே அவர் ஆயுளைக் குறைத்தது. 'விதிப்படி நடந்தது' என்று நிறுத்திக்கொண்டால் இக்கேள்வியே எழாது.

மகனின் பிறந்த வேளையும் நட்சத்திரமும் நினைவில் நிற்கக் குடும்பத்தின் சாதக வழக்கம் உதவியது. ஒரு தாயின் கவலையையும் அது காட்டுகிறது. இவ்வகையில் அச்சாதகம் வரலாற்று மாணவர்க்குப் பயனுள்ள சான்றாகும்; அவரது மரணத்துக்குக் காரணம் கூறும் சான்று அன்று.