கொடுங்கல்லூரில் இறங்கியவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்?

ஆண்டிறுதி விடுமுறையில் மலபார்க் கரையோரமாக ஐந்து நாள் பயணம் போக நாங்கள் நான்கு ஆசிரியர்கள் தீர்மானித்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். கொச்சியில் இறங்கி, வான் ஒன்று பேசி, தேசிய நெடுஞ்சாலை 66 வழியே வடக்கே கண்ணூர் வரை. சுமார் 270 கிலோமீற்றர். "கேரளாவுக்குப் போய் படகு வீடும் பார்க்காம, மூணாறும் பார்க்காம என்னத்தப் பார்க்கப் போறீங்க?" என்று ஓய்வறையில் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

தரம் 10 வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வரலாற்றுப் புத்தகத்தில எங்கட ஆக்கள் வியாபாரத்துக்கு வாறாங்க, போர்த்துக்கேயரிட்ட அடி வாங்குறாங்க. வேற ஒண்டும் செய்யல்லையா?" அன்று நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இருக்கவில்லை. பயணத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் நாள் கொடுங்கல்லூர். சேரமான் பள்ளிவாசல் ஹிஜ்ரியின் ஆரம்பத்தில், 629 இல் கட்டப்பட்டது என்பது ஐதீகம். சேரமான் பெருமாள் இஸ்லாத்தை ஏற்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு விடயத்தை நாம் கவனிப்பதில்லை. 16ஆம் நூற்றாண்டில் செய்னுத்தீன் மக்தூம் தமது துஹ்பதுல் முஜாஹிதீனில் எழுதியபடி, கொடுங்கல்லூரில் இறங்கி மன்னரைச் சந்தித்த அந்த ஏழைப் பயணிகள் மலபாருக்கென்று புறப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண இலங்கைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். நமது பாவா ஆதம் மலைக்கு! மன்னர் இஸ்லாத்தை ஏற்றது நபிகளாரின் காலத்தில் அல்ல, ஹிஜ்ரி 200க்குப் பின்னரே இருக்கக்கூடும் என்றும் மக்தூம் சொல்கிறார். ஊரே நம்பும் கதையை ஓர் ஆலிம் நானூறு வருடங்களுக்கு முன்பே ஆராய்ந்து கேள்வி கேட்டிருக்கிறார். வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு அது பெரிய பாடம்.

அந்தப் பள்ளிவாசலில் பிற்காலத்தில் சேர்த்த கொங்கிரீட் பகுதிகளை அகற்றி, பழைய ஓட்டுக்கூரைத் தோற்றத்தை மீட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மரத்தூண்களோடு இருந்த ஓட்டுப்பள்ளியை உடைத்துக் குவிமாடம் வைத்தபோது நாங்களும் கல் சுமந்தவர்கள்தான். ஒரு புகைப்படம்கூட ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை.

இரண்டாம் நாள் பொன்னானி. வெள்ளிக்கிழமை அங்கே அமையும்படி நாட்களை ஒழுங்கு செய்திருக்கிறோம். மக்தூம்களின் ஊர் அது. நமது அரபு மத்ரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முயீன் என்ற ஷாபிஈ சட்ட நூலும் அதே செய்னுத்தீன் மக்தூம் எழுதியதுதான். நமது மௌலவிமார் பலருக்கு நூல் மனப்பாடம், ஆனால் அதை எழுதியவரின் ஊர் கொழும்பிலிருந்து எவ்வளவு கிட்ட என்பது தெரியாது.

மூன்றாம் நாள் கோழிக்கோடு. 1340களில் அங்கு சென்ற இப்னு பதூதா, துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்களைக் கண்டதாக எழுதினார். 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவரும் அவரே. அவர் குறிப்பிடும் கப்பல் முதலாளி மித்கால் கட்டியதுதான் குற்றிச்சிறையின் மிஷ்கால் பள்ளி. அடுக்கடுக்கான மரக்கூரை, குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. 1510 ஜனவரியில் போர்த்துக்கேயர் அதற்குத் தீ வைத்தார்கள். அவர்கள் 1531 இல் சாலியத்தில் கட்டிய கோட்டையை 1571 இல் சாமூதிரி மன்னரின் படை கைப்பற்றி இடித்தது. மன்னர் இந்து, படையில் நாயர்களும் மாப்பிள்ளைமாரும். அந்த வெற்றியைப் புகழ்ந்து பத்ஹுல் முபீன் என்ற அரபுக் காவியத்தை எழுதியவர் கோழிக்கோட்டின் காழி முஹம்மத்.

நான்காம் நாள், 1498 இல் வஸ்கொடகாமா இறங்கியதாகச் சொல்லும் கல் நிற்கும் காப்பாட்டைப் பார்த்துவிட்டு இரிங்கல். குஞ்ஞாலி மரைக்காயர்களின் ஊர். சாமூதிரியின் கடற்படைத் தளபதிகள் அவர்கள். 1538 இல் சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவ வந்த சாமூதிரியின் கப்பற்படை இராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் தோற்றது. மாணவி கேட்ட "வேற ஒண்டும் செய்யல்லையா?" என்பதற்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. ஆனால் கதை இதோடு முடிவதில்லை. நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்கும் பகை மூண்டது. சாமூதிரி போர்த்துக்கேயரோடு சேர்ந்துகொண்டார். 1600 இல் உயிருக்கு உத்தரவாதம் நம்பிச் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலை வெட்டினார்கள். கோழிக்கோட்டுக் கதையைச் சொல்லி இரிங்கல் கதையை மறைத்தால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகும். இதை மட்டும் சொன்னாலும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் கண்ணூர். அங்குள்ள சென்ட் அஞ்சலோ கோட்டையை 1505 இல் தொடங்கியவர் பிரான்சிஸ்கோ டி அல்மேடா. நமது பாடநூலில் அதே ஆண்டு இலங்கைக்கு வரும் லொரென்சோ டி அல்மேடா அவருடைய மகன். மலபாரைத் தவிர்த்து மாலைதீவு வழியாகப் போன முஸ்லிம் கப்பல்களைப் பிடிக்க வந்தவர்தான் காற்றில் திசைமாறி இங்கு ஒதுங்கினார். கோட்டைக்குக் கிட்ட அரக்கல் அரண்மனை. கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம். தாய்வழி மரபு, மூத்தவர் பெண்ணென்றால் அவரே பீவியாக ஆட்சி செய்தார். தாய்வழியாகக் குடி எண்ணி, மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் கிழக்கிலங்கைக்காரருக்கு இது புதினமில்லை.

1626 இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. சாமூதிரி செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாடநூல் சொல்வதில்லை. நாங்கள் திரும்பி வந்து சொல்வோம். குஞ்ஞாலிக்கு நடந்ததையும் சேர்த்துத்தான்.

மலபார் போய் வந்தவர்கள் தங்குமிடம், செலவு பற்றி எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலின் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அதையும் கீழே போடுங்கள். எங்களுடையது இல்லாமலே போய்விட்டது. துஆ செய்யுங்கள்.