ஓய்வும் ஊழியமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே பணி ஓய்வு பெற்றோரின் சமூகப் பங்கேற்பு

பணி ஓய்வு பெற்றவர் என்பதை இன்று நாம் ஒரு வயதுப் பிரிவின் பெயராகவே வழங்குகிறோம். ஆயின் அது முதலில் ஓர் ஊதிய முறையைச் சார்ந்த பெயர். மாதச் சம்பளமும், குறித்த வயதில் பணியினின்று விலகும் விதியும், விலகிய பின்னரும் தொடரும் ஓய்வூதியமும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் அப்பெயருக்குரிய மனிதர் தோன்றுகிறார். தொல்காப்பியக் கற்பியல் முதுமைப் பருவத்தைப் பேசும்போது மக்களோடும் சுற்றத்தோடும் கூடி அறவழியில் நிற்கும் இல்லறத்தாரையே காட்டுகிறது. தொழிலினின்று விலகும் வயது என ஒன்று அங்கு இல்லை. உழவனுக்கும் கொல்லனுக்கும் உடல் தளர்ந்த நாளே ஓய்வு நாள். யாழ்ப்பாணத்தார் 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றும், தமிழகத்தாரும் மலேசியத் தமிழரும் 'ஓய்வு பெற்ற ஆசிரியர்' என்றும் கூறும் வழக்குகள் காலனிய அரசுப் பணி தந்த புதிய நிலைக்குத் தமிழில் அமைந்த பெயர்கள் எனலாம்.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழரிடையே மூத்தோரின் சமூகத் தொண்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சங்கங்களையும் ஆலயக் குழுக்களையும் மட்டுமே கருத்திற் கொள்கின்றனர். அவ்வாறு கொள்ளும்போது ஓய்வூதியம் பெற்ற சிறுபான்மையினரின் வரலாறு முழுச் சமுதாயத்தின் வரலாறாகி விடுகிறது. தோட்டத் தொழிலாளருள் முதியோர் என்ன செய்தனர் என்னும் வினா எழுவதே இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ரப்பர்த் தோட்டமாயிருந்து நகரமாக மாறிய சுபாங் ஜெயாவில், இவ்விரு வரலாறுகளும் ஒரே மண்ணில் சந்திக்கின்றன. அச்சந்திப்பில் ஒன்று தொடர்ந்தது. மற்றொன்று பெரிதும் அறுபட்டது.

எழுத்தரின் ஓய்வு

சிலாங்கூர் மாநிலப் பொறியாளராக 1891ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து வந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர், பின்னர் மலாய்க் கூட்டு மாநில இரயில்வேயின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற யாழ்ப்பாணத் தமிழர் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பெருந்தொகையாக அமர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இவர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. விவேகானந்தா ஆசிரமம் 1904இல் அங்கு நிறுவப்பட்டது. கந்தசுவாமி ஆலயமும் அந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்ததே.

இவர்கள் வாழ்ந்த இல்லங்கள் அரசுக் குடியிருப்புகள். பணி முடிந்ததும் காலி செய்தாக வேண்டும். ஆகவே முதல் தலைமுறையினர் பலர்க்கு ஓய்வென்பது கப்பலேறி ஊர் திரும்புவதாகவே இருந்தது. யாழ்ப்பாணக் கிராமங்களில் 'மலாயன் பென்சனியர்' என்பார் தனித்த ஒரு சமூக வகையினராகவே அறியப்பட்டனர். மாதந்தோறும் வரும் பணம், ஆங்கில அறிவு, அலுவலகப் பழக்கம், நிறைந்த பொழுது ஆகிய நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமையால் கோயில் திருப்பணி, பள்ளி நிர்வாகம், வாசிகசாலை எனப் பொதுப்பணிகள் அவர்களை நாடி வந்தன. அவர்களுடைய கண்டிப்பும் கணக்கும் ஊரார்க்கு எப்போதும் உவப்பாயிருந்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் பல காரியங்கள் நடந்திருக்கமாட்டா.

1957இல் மலாயா விடுதலை பெற்ற பின் நிலைமை மாறியது. மக்கள் இங்குப் பிறந்து, இங்குப் படித்து, இங்கேயே பணியில் அமர்ந்தபோது பெற்றோர் திரும்பிச் செல்வதற்குரிய காரணம் குறைந்தது. ஊருக்குச் சென்றிருக்க வேண்டிய தொண்டு இங்கேயே தங்கியது. 1950களில் உருவான பெட்டாலிங் ஜெயா இத்தகையோர்க்கு ஏற்ற இடமாயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியரான எஸ். துரைராஜசிங்கம் அங்கிருந்துகொண்டே ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிய செய்திகளையெல்லாம் தேடித் தொகுத்து வெளியிட்டார். மலேசிய, சிங்கப்பூர் இலங்கையரின் நூற்றாண்டு வரலாற்றையும் எழுதினார். பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு நிதியோ இன்றி, ஓய்வூதியத்தையும் ஓய்வு நேரத்தையும் கொண்டு அவர் செய்த பணி இன்றும் நம் போன்றோர்க்கு மேற்கோள் நூலாகப் பயன்படுகிறது. ஓய்வு பெற்றோரின் சமூகப் பங்கேற்பு என்றதும் உடற்பயிற்சியையும் சுற்றுலாவையும் மட்டும் நினைப்போர் இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

எழுத்தரின் தொண்டு இடம் பெயரக் கூடியது என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. கூட்டக் குறிப்பு எழுதவும், வரவு செலவு காட்டவும், அரசுக்குக் கடிதம் வரையவும் அவர் தம் பணிக்காலத்திலேயே பயின்றிருந்தார். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் பதிவு பெற்ற அமைப்பிடம் எதிர்பார்த்தவையும் இவையே. பிரிக்பீல்ட்ஸை விட்டுப் பெட்டாலிங் ஜெயாவுக்கோ சுபாங் ஜெயாவுக்கோ அவர் குடி பெயர்ந்தாலும் அத்திறன் உடன் வந்தது. சங்கமும் அதன் ஏடுகளும் இருந்த இடத்தில் இருந்தன.

தோட்டத்தில் முதுமை

தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் இல்லை. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தொழிலாளரைக் கொண்டு வருவதே அதன் தலையாய நோக்கம்; எனினும் உடல் தளர்ந்தோரைத் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பவும், முதியோர், இயலாதோர் இல்லங்களை நடத்தவும் அந்நிதி பயன்பட்டது. உழைக்க இயலாதவர் இந்நாட்டில் இருக்கத் தேவையில்லை என்னும் எண்ணமே அதன் அடியில் இருந்தது என்பது எம் கருத்து. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஓர் இலட்சத்திற்கும் மிகுதியான இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டமையும் அவ்வெண்ணத்தின் பெரிய வடிவமே. அந்நிதியின் எஞ்சிய பகுதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, 1999இல் கலைக்கப்பட்டது.

1951இல் ஊழியர் சேமநிதி தோன்றிய பின் 55 வயதில் ஒரு தொகை கைக்கு வந்தது. குறைந்த கூலியிலிருந்து சேர்ந்த தொகை எவ்வளவு நாள் நிற்கும்? லயத்து வீடோ வேலையோடு பிணைந்தது. மகனோ மகளோ அத்தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் முதியவர் அவர்களோடு இருக்கலாம். இல்லையேல் வெளியேற வேண்டியதே.

ஆயினும் தோட்டத்து முதியோர் வாளாவிருந்தனர் என்று கொள்வது பெரும் பிழை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். அங்கு அக்குழந்தைகளைக் காத்தவர் பெரும்பாலும் பால்மரம் வெட்ட இயலாத வயதை எட்டிய பெண்களே. தூளி ஆட்டுதல், பாலூட்டுதல், காய்ச்சல் கண்டால் மருந்தகத்திற்குத் தூக்கிச் செல்லுதல் எல்லாம் அவர்கள் பணி. அவர்களின்றித் தாய்மார் வெட்டுக்குப் போயிருக்க முடியாது. தாய்மாரின்றித் தோட்டம் நடந்திராது. பேற்றுக்கு உதவிய மருத்துவச்சி, ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டி, மாரியம்மன் திருவிழாவில் கரகத்திற்கும் தீமிதிக்கும் முறை சொன்ன பெரியவர், பூசலைத் தீர்த்து வைத்த பஞ்சாயத்தார் ஆகிய அனைவரும் இவ்வரிசையில் வருவர். ஆயாவுக்குச் சிறு கூலி உண்டு. மற்றையோர்க்கு அதுவும் இல்லை. எவருக்கும் கூட்டக் குறிப்பு இல்லை, பதிவெண் இல்லை, செயலாளர் என்னும் பெயரில்லை. சமூகப் பங்கேற்பு என இன்று நாம் அழைப்பதை அவர்கள் வாழ்க்கை முறையாகவே கொண்டிருந்தனர். அது லயத்தின் அமைப்பையும் அண்டை வீட்டாரின் நெருக்கத்தையும் சார்ந்திருந்தமையால் லயத்தோடு நின்றது; லயம் போனபோது போயிற்று.

சீபீல்டிலிருந்து சுபாங் ஜெயா

சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயாவின் வீடமைப்பு 1976இல் தொடங்கியது, யு.எஸ்.ஜே. பகுதி 1988 முதல் விரிந்தது. சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் 1997 ஜனவரி முதல் நாள் அமைந்தது. 2020 அக்டோபர் 20ஆம் நாள் மாநகராயிற்று. மரங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் பேரங்காடிகளும் எழுந்தன. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி யு.எஸ்.ஜே.யில் இயங்குகிறது. சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தின் நிலச் சிக்கலை 2018இல் நாடே அறிந்தது. பள்ளிக்கு அரசுப் பதிவும் ஆலயத்திற்கு ஒரு நிர்வாகமும் இருந்தன. ஆகவே அவற்றின் பொருட்டு வாதாட ஆள் இருந்தனர். ஆயாக் கொட்டகைக்காக வாதாட எவருமில்லை.

புதிய நகரில் குடியேறிய தமிழருள் ஆசிரியரும் அரசு அலுவலரும் மருத்துவரும் வழக்கறிஞரும் அடங்குவர். அவர்கள் ஓய்வு பெறத் தொடங்கியபோது, குடியிருப்பாளர் சங்கங்கள், ஆலயக் குழுக்கள், தேவார வகுப்புகள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆகியவற்றில் அவர்களுக்கு இயல்பாகவே இடம் அமைந்தது. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் நகராண்மை உறுப்பினர் தேர்தலின்றி நியமனம் பெறும் நிலையில், வடிகாலுக்கும் தெருவிளக்கிற்கும் குரல் கொடுக்கும் பொறுப்பு குடியிருப்பாளர் சங்கங்களையே சேர்ந்தது. வேலை நாளின் காலை பத்து மணிக்கு அலுவலகம் சென்று அதிகாரியைக் காணப் பொழுதுள்ளவர் ஓய்வு பெற்றவரே. இது பிரிக்பீல்ட்ஸ் எழுத்தரின் மரபு புதிய இடத்தில் தொடர்ந்தது என்பதற்குத் தெளிவான சான்று. தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு அடுக்ககங்களுக்குச் சென்ற மூதாட்டிக்கோ இத்தகைய இடம் அமையவில்லை. நான்காம் மாடியில் அவர் பேரக் குழந்தையைக் காக்கிறார். ஆனால் முன்பு லயத்துக் குழந்தைகள் அனைத்திற்கும் ஆயாவாக இருந்தவர் இன்று ஒரு குடும்பத்தின் பாட்டி மட்டுமே.

கொள்கையும் மொழியும்

மலேசிய அரசு 1995இல் தேசிய முதியோர் கொள்கையை வகுத்து, 2011இல் அதனைப் புதுப்பித்தது. அரசுப் பணியின் கட்டாய ஓய்வு வயது 55இலிருந்து 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்ந்தது. தனியார் துறையில் 2013 ஜூலை முதல் 60 என்பது சட்டமாயிற்று. 65 வயதைக் கடந்தோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 5 விழுக்காட்டினர், 2020இல் 6.8 விழுக்காட்டினர். சமூகநலத் துறையின் ஆதரவில் மூத்தோர் நடவடிக்கை மையங்கள் பல இடங்களில் இயங்குகின்றன. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் தோன்றி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1980களின் தொடக்கத்தில் தன்னுதவி அமைப்பாக உருமாறிய மூன்றாம் அகவைப் பல்கலைக்கழக இயக்கம், 2007இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் வழி கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் வந்தது. கேம்பிரிட்ஜ் முறையில் கற்பிப்பவரும் கற்பவரும் மூத்தோரே. அது மிகச் சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

எனினும் இவையனைத்தும் எழுத்தரின் ஓய்வையே முன்மாதிரியாகக் கொண்டவை என்பது நம் கணிப்பு. படிவம் நிரப்பவும், மலாயிலோ ஆங்கிலத்திலோ உரையாடவும், வாகனம் ஓட்டவும் கூடியவர்க்கே அவை எளிதில் எட்டும். தமிழ் மட்டுமே அறிந்த, அதையும் எழுத்தால் அன்றிச் செவியால் அறிந்த தோட்டத்து முதியவர்க்கு ஆலயத் திண்ணை ஒன்றே மையம். அவரைப் புதிதாகத் தொண்டு செய்யப் பழக்க வேண்டியதில்லை. அவர் செய்து வந்ததை அறிந்து அதற்கு ஓரிடம் தரவேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் தாலாட்டும் கதையும் விடுகதையும் சொல்ல அத்தகைய மூதாட்டியரை அழைப்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் மனம் வேண்டும்.

ஆய்வாளர்க்கும் இங்குப் பணி உண்டு. சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள் நூலகம் சேரலாம், சில சேர்ந்துமுள்ளன. தோட்டத்து முதியோரின் ஏடு அவர்களின் நினைவு ஒன்றே. 1976இல் இருபத்தைந்து வயதில் பால் வெட்டியவர் இன்று எழுபதைக் கடந்தவர். இளங்கலை மாணவர்களின் களப்பணியை அவரிடமிருந்தே தொடங்கலாம். ஆயாக் கொட்டகை எங்கிருந்தது, அதில் ஆயாவாக இருந்தவர் யார், எத்தனை குழந்தைகளைப் பார்த்துக் கொண்டார், அவருக்கு நாட்கூலி எவ்வளவு, தோட்டம் மூடிய பின் அவர் எங்குச் சென்றார் என்னும் வினாக்கள் முதல் சந்திப்பிற்குப் போதுமானவை.