மொரிஸ் மைனரும் வீட்டுக் கராஜும்

வரலாறு எங்கே இருக்கிறது என்று நம் மாணவர்களிடம் கேட்டால் அநுராதபுரம், பொலன்னறுவை என்பார்கள். பக்கத்து ஒழுங்கையில், தகரக் கொட்டிலுக்குள் எஞ்சின் கழற்றிய நிலையில் நிற்கும் மொரிஸ் மைனரை யாரும் சொல்வதில்லை. அதற்கும் வரலாறு உண்டு நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் காரின் கதையே ஒரு வீட்டுக் கொட்டிலில்தான் தொடங்குகிறது. 1893இல் ஒக்ஸ்போர்டில் வில்லியம் மொரிஸ் என்ற 16 வயதுப் பையன் சம்பள உயர்வு கேட்டான். முதலாளி மறுத்தார். வேலையை விட்டுவிட்டு, 4 பவுண் முதலோடு பெற்றோர் வீட்டின் பின்புறக் கொட்டிலில் சைக்கிள் திருத்தத் தொடங்கினான். வேலை கூடக் கூட இடமும் கூடியது. 1913இல் முதல் மொரிஸ் கார் வெளிவந்தது. பிற்காலத்தில் நஃபீல்ட் பிரபு ஆனவர் இவரே.

அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் அறிமுகமானது. அதன் மாதிரியைப் பார்த்த நஃபீல்ட், அவித்த முட்டைபோல இருப்பதாகக் கேலி செய்தாராம். அந்த 'முட்டை'தான் 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது காராக வெளியே வந்தது. பிரித்தானியக் கார் எதுவும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அதே காலத்தில் இங்கே நிலைமை வேறு. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதுக் கார் வராது. உதிரிப்பாகமும் இலேசில் கிடைக்காது. அப்படியானால் இருப்பதை எப்படி ஓட்டுவது?

இந்த இடத்தில்தான் நம் மெக்கானிக்மார் வரலாற்றுக்குள் வருகிறார்கள்.

மைனர் 1000இன் எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர், முழுக்க வார்ப்பிரும்பு. பல வருடம் ஓடினால் பிஸ்டன் ஏறி இறங்கி சிலிண்டரின் வட்டம் நீள்வட்டமாகத் தேயும். ஒயில் எரிந்து நீலப் புகை வரும். அப்போது சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். கிராங்க் தண்டில் கதை தலைகீழ்: அதைத் தீட்டிச் சிறிதாக்கி, தடித்த பேரிங் போடுவார்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, பிறகு 20, 30, 40 என்று படிப்படியாகப் போகும். அதற்கு மேல் சிலிண்டரைக் கடைய முடியாவிட்டால் உள்ளே லைனர் அடித்து மறுபடியும் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். ஒரே எஞ்சின் இரண்டு மூன்று தலைமுறை உழைத்த இரகசியம் இதுதான்.

கராஜும் இப்படித்தான் வளர்ந்தது. முதலில் முற்றத்து மாமரம். அதன் கிளையில் செயின் புளொக் கட்டி எஞ்சினைத் தூக்குவார்கள். கழற்றிய சாமான் மழையில் நனையக்கூடாது என்று நாலு கம்பு, மேலே கிடுகு. அடியில் படுத்து வேலை செய்ய ஒரு குழி. பிறகு தகரம், சீமெந்துத் தரை, வெல்டிங். காசு சேர்ந்தால் ஒரு லேத். கடைசியில் வீடு பின்னுக்குப் போய், கராஜ் முன்னுக்கு வந்துவிடும்! ஒக்ஸ்போர்டுக் கொட்டிலுக்கும் நம் ஊர்க் கொட்டிலுக்கும் வித்தியாசம் முதலில்தான், முயற்சியில் இல்லை.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் வாகனங்கள் வந்தன. ஆனாலும் அந்தக் கைத்திறன் சாகவில்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துடன் கூட்டுச் சேர்ந்து, இங்கேயே மைனருக்கு உதிரிப்பாகம் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார்கள். காரைக் கொண்டுவந்தவனுக்கே நாம் பாகம் விற்றோம்!

2020இல் மீண்டும் இறக்குமதித் தடை வந்தது. 2025 வரை தனியார் கார்கள் வரவில்லை. அந்த ஐந்து வருடமும் நம் வாகனங்களை ஓடவைத்தவர்கள் யார்? கையில் கிரீஸ் படிந்த அதே மனிதர்கள்தான்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? படிக்காத பிள்ளையிடம் "நீ கராஜுக்குத்தான் போகணும்" என்று வகுப்பறையிலேயே மிரட்டுகிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அளப்பவனுக்குக் கணிதம் தெரியாதா? கராஜைத் தண்டனையாகக் காட்டுவதை ஆசிரியர்களாகிய நாமே முதலில் நிறுத்த வேண்டும். இந்தத் தொழில் தெரிந்த மூத்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அடுத்த தடைக்காலத்தில் நாம் நடக்க வேண்டியதுதான்.

உங்கள் ஊரில் எஞ்சின் திருத்திய பழைய பாஸ்மார் இருந்தால், அவர்களின் கராஜ் எப்படித் தொடங்கியது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். இதுவும் எழுதப்பட வேண்டிய வரலாறுதான்.