படுத்தா பள்ளம், எழுந்தா முதுகுவலி... மடக்குக் கட்டிலில் என்னதான் மாத்தணும்?

ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்தா பரணிலிருந்து இறங்கும். பேச்சுலர் ரூமில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர், கேட் பக்கத்தில் நைட் டூட்டி பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன், வெள்ள நிவாரண முகாமில் இருக்கும் பாட்டி என எல்லோருக்கும் கைகொடுப்பது கித்தான் துணி போட்ட மடக்குக் கட்டில்தான்.

ஆனா, அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே புகார்ப் பட்டியல்தான். 'நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு', 'முதுகுல கம்பி குத்துது', 'ஓரத்துல உட்கார்ந்தா கவுந்துடுது', 'புரண்டு படுத்தாலே கிரீச்சுனு கத்துது'. விலை கம்மி, அதனால் இப்படித்தான் இருக்கும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். உண்மையில், இந்தக் குறைகளில் பாதிக்கு மேல் விலையால் வருவதில்லை, வடிவமைப்பால் வருகின்றன. எங்கே தப்பு நடக்கிறது, எப்படிச் சரி செய்யலாம், வாங்கும்போது எதைப் பார்க்கணும்? வாங்க பார்க்கலாம்.

ராஜாக்களும் படுத்த கட்டில்

மடக்குக் கட்டில் ஒன்றும் புது ஐடியா இல்லை. 1922-ல் எகிப்தில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமுன் கல்லறையில் மூன்றாக மடியும் மரக்கட்டில் ஒன்று இருந்தது. 3,300 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு வெண்கலக் கீல் போட்டிருந்தார்கள். நெப்போலியன் போருக்குப் போகும்போதெல்லாம் இரும்பு மடக்குக் கட்டில் கூடவே போனது. 1821 மே 5 அன்று செயின்ட் ஹெலினா தீவில் அவர் உயிர் பிரிந்ததும் அப்படியொரு கட்டிலில்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். இங்கிலீஷில் 'காட்' என்கிறார்களே, அந்த வார்த்தை இந்தியாவிலிருந்து போனது. இந்தியின் 'காட்' வழியாக ஆங்கிலத்துக்குப் போன அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று சொல்லும் மொழியியலாளர்கள், ஒப்பிட்டுக் காட்டுவது நம்ம 'கட்டில்' என்ற சொல்லைத்தான்!

நம் கயிற்றுக் கட்டிலையே எடுத்துக்கோங்க. அதில் கயிறு தொய்யும் என்பது செய்தவருக்கே தெரியும். அதனால்தான் கால் பக்கம் தனியாக இழுப்புக் கயிறு விட்டிருப்பார். தொய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும், கட்டில் பழையபடி ஆகிவிடும். இன்றைய கித்தான் கட்டிலில் காணாமல்போனது இந்த வசதிதான். துணியைச் சட்டத்தோடு நிரந்தரமாகத் தைத்துவிடுகிறார்கள். தொய்ந்துவிட்டால் இறுக்க வழியே இல்லை.

டைட்டா இருந்தா நல்லதுதானே?

'அப்போ துணியை முறுக்கா இழுத்துக் கட்டிட வேண்டியதுதானே' என்று தோன்றும். அதுவும் சிக்கல்தான். துணி காயப்போடும் கொடியை நினைச்சுக்கோங்க. கொஞ்சம் தொய்வாகக் கட்டிய கொடி ஈரப் போர்வையைத் தாங்கும். விறைப்பாகக் கட்டினால், அதே போர்வைக்கு ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். கட்டிலிலும் இதே கணக்குதான்.

70 செ.மீ அகலக் கட்டிலில் 60 கிலோ எடையுள்ளவர் படுக்கிறார், எடை சீராகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் 10 செ.மீ பள்ளம் விழுந்தால், பக்கச் சட்டங்களை உள்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 52 கிலோ. பள்ளம் 5 செ.மீ-யாகக் குறைந்தால் 105 கிலோ. 2.5 செ.மீ மட்டுமே என்றால் 210 கிலோ! பள்ளம் பாதியானால் இழுப்பு இரட்டிப்பாகும். மெல்லிய பைப் போட்ட கட்டில் கொஞ்ச நாளிலேயே நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆவதற்குக் காரணம் இந்த இழுப்புதான்.

ஆக, பலகை மாதிரித் தட்டையான கித்தான் கட்டில் சாத்தியமில்லை. கொஞ்சம் பள்ளம் இருக்கட்டும். அந்தப் பள்ளம் நாளாக நாளாகப் பெரிதாகாமல் இருப்பதும், பெரிதானால் இறுக்க முடிவதும்தான் முக்கியம்.

கால்தான் ஹீரோ

கத்தரிக்கோல் மாதிரி குறுக்காகப் போகும் கால்களைப் பார்த்திருப்பீங்க. அது அழகுக்காக வைத்ததில்லை. நாம் படுக்கும்போது எடை மேலிருந்து அழுத்த, குறுக்குக் கால்கள் விரியப் பார்க்கும். விரிந்தால் துணி இன்னும் இறுகும். அதாவது, நம்ம எடையே கட்டிலை டைட் பண்ணுகிறது.

இதே சூத்திரத்துக்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ரூர்க்கியிலிருந்த ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கிய 'ரூர்க்கி நாற்காலி'. பசை, ஆணி எதுவும் இல்லாமல் துளையில் குச்சியைச் செருகி, துணியால் இறுக்கிய நாற்காலி அது. மூட்டுகள் லேசாக அசையும் என்பதால், மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் பதிந்து நிற்கும். உட்கார்ந்ததும் எல்லா மூட்டும் இறுகிக்கொள்ளும். டென்மார்க் வடிவமைப்பாளர் காரே க்ளிண்ட் 1933-ல் செய்த புகழ்பெற்ற 'சஃபாரி நாற்காலி'க்கு முன்னோடி இதுதான். எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து விறைப்பாக்கினால்தான் பலம் என்று நினைப்பவர்களுக்கு ரூர்க்கி நாற்காலி நல்ல பாடம்.

அடுத்தது, கவிழும் பிரச்னை. தரையில் படும் பாதங்கள் பக்கச் சட்டத்துக்கு நேர் கீழே, அல்லது சற்று வெளியே இருக்கணும். உள்ளே தள்ளி இருந்தால், ஓரத்தில் உட்கார்ந்ததும் கட்டில் சாயும். தலைமாட்டிலும் இதேதான். கடைசிக் காலைத் தாண்டிச் சட்டம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே உட்கார்ந்த நிமிஷமே மறுமுனை மேலே எழும்பும். கால்களை முனைக்கு அருகே கொண்டுபோனாலே பாதிப் பிரச்னை முடிந்தது.

முதுகில் குத்தும் கம்பி

சட்டங்கள் உள்ளே ஒடுங்காமலிருக்க நடுவில் குறுக்குக் கம்பி வைப்பார்கள். துணிக்கு ஒட்டியபடி அந்தக் கம்பி போனால், துணி கொஞ்சம் தொய்ந்ததும் இடுப்பில் முட்டும். தீர்வு ரொம்ப எளிது. கம்பியை நேராக வைக்காமல் கீழ்நோக்கி வில்லாக வளைத்து வைக்கணும். வெளிநாட்டு ட்ரெக்கிங் கட்டில்களில் வளைந்த அலுமினியக் கம்பிகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. சட்டங்களை வெளியே தள்ளிப்பிடிக்கும், முதுகையும் தொடாது. துணிக்கும் கம்பிக்கும் நடுவே 10 செ.மீ-க்கு மேல் இடைவெளி இருந்தால் நல்லது.

பைப் விஷயத்தில் ஒரு ரகசியம். சுவர் தடிமன் மாறாமல், விட்டத்தை மட்டும் 19 மி.மீ-லிருந்து 25 மி.மீ ஆக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். எடை கூடுவதோ மூன்றில் ஒரு பங்குதான். அலுமினியம் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் விறைப்பும் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 'அலுமினியம், லைட் வெயிட்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீங்க. பைப் எவ்வளவு பருமன் என்று பாருங்க.

துணியில் கவனிக்க வேண்டியவை

பருத்திக் கித்தான் காற்றோட்டமானது. சென்னை மே மாதத்துக்கு அதைவிட சுகம் கிடையாது. ஆனால், நனைந்தால் காய நேரமாகும், பூஞ்சை பிடிக்கும். நைலான் வலுவானது, ஆனாலும் நீளும். ஈரம் பட்டால் இன்னும் தொய்யும். பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் வியர்க்கும். வியர்வைக்கு மேலே ஒரு பவானி ஜமக்காளம் விரித்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் '600 டெனியர்' என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் என்று அர்த்தம். ஆனால் தையல் மோசமாக இருந்தால் எத்தனை டெனியர் இருந்தும் பயனில்லை. துணி கிழிவது பெரும்பாலும் பைப் நுழையும் ஓரத்தில்தான். அங்கே துணி இரண்டாக மடிக்கப்பட்டு, இரட்டைத் தையல் போட்டிருக்கணும்.

துணி எந்தப் பக்கமாக வெட்டப்பட்டது என்பதும் முக்கியம். ஒரு கர்ச்சீப்பை நேராக இழுத்துப் பாருங்க, நீளாது. மூலைக்கு மூலை இழுங்க, ரப்பர் மாதிரி நீளும். கட்டில் துணியிலும் நூல்கள் அகலவாக்கில் நேராக ஓடணும். வெட்டும்போது கோணலானால் மூன்றே மாதத்தில் தொட்டில்தான்.

யாருக்கு எது செட் ஆகும்?

தரையோடு தரையாக இருக்கும் கட்டில் ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு ஓகே. மூட்டுவலி உள்ள அம்மா, அப்பாவுக்கு, ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு அது தண்டனை. உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து, முட்டி செங்கோணத்தில் மடியும் உயரம்தான் எழுந்திருக்க எளிது. ஆளுக்கு ஆள் மாறினாலும், பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 45 செ.மீ சரிவரும்.

கொடைக்கானல் குளிரில் கட்டிலின் கீழே ஓடும் காற்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். போர்வை மேலே மட்டும் போதாது, அடியிலும் கனமாக ஒன்று விரிக்கணும்.

ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தையை இதில் தனியாகத் தூங்க வைக்கவே கூடாது. குழந்தைகளுக்குத் தட்டையான, உறுதியான பரப்புதான் பாதுகாப்பு. பள்ளத்தில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. மடக்கும்போது சின்னப் பிள்ளைகளின் விரல் கீலுக்குள் போகாமலும் பார்த்துக்கோங்க.

வீட்டில் இருக்கும் பழைய கட்டிலை என்ன செய்ய?

தூக்கிப் போடாதீங்க. சட்டம் நன்றாக இருந்தால் துணியை மட்டும் மாற்றலாம். வண்டி சீட் கவர், தார்ப்பாய் தைக்கும் கடைகளில் கித்தான் தைத்துத் தருவார்கள். அவர்களிடம் ஒரு விஷயம் மறக்காம சொல்லுங்க. ஒரு பக்கம் மட்டும் தைத்து மூடாமல், வரிசையாக ஐலெட் வளையம் அடித்து, ஷூ லேஸ் மாதிரி கயிறு கோத்துக் கட்டச் சொல்லுங்க. இனி தொய்ந்தால் நீங்களே இழுத்து இறுக்கலாம். கயிற்றுக் கட்டிலின் அதே பழைய டெக்னிக்தான்.

கிரீச் சத்தத்துக்கு, மூட்டுகளில் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் நைலான் வாஷர் போட்டால் அடங்கிவிடும். கால் முனையில் ரப்பர் புஷ் மாட்டினால் டைல்ஸும் கீறாது, கட்டிலும் வழுக்காது.

வாங்கும் முன் 6 டெஸ்ட்

1. ஓரத்தில் உட்காருங்க, தலைமாட்டிலும் உட்காருங்க. சாயக் கூடாது, மறுமுனை எழும்பக் கூடாது.

2. ஒருக்களித்துப் படுங்க. இடுப்பில் கம்பி தட்டுப்பட்டால் வேண்டாம்.

3. கட்டில் விரிந்ததும் கால் லாக் ஆகிறதா, தானாக மடங்காமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்க.

4. நீங்களே ஒருமுறை விரித்து, மடக்குங்க. கடைக்காரருக்கே மூச்சு வாங்கினால், ராத்திரி 11 மணிக்கு உங்களுக்கு எப்படி இருக்கும்?

5. எடை வரம்பைப் பாருங்க. பொத்தென்று உட்காரும்போது நம் எடையைப்போல இரண்டு மடங்கு விசையாவது கட்டிலில் இறங்கும். 60 கிலோ ஆளுக்கு 120 கிலோ வரம்பாவது வேணும்.

6. துணியைத் தனியாகக் கழற்றித் துவைக்க முடியுமா, துணி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்க.

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. துணி தனியாகக் கிடைத்தால் சட்டம் பல வருஷம் உழைக்கும். கிடைக்காவிட்டால், ஒரு கிழிசலுக்காக மொத்தக் கட்டிலும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஆன்லைனில் வாங்குபவர்கள், பார்சல் வந்த அன்றே ஐந்து ஸ்டார் போடாமல், மூன்று மாதம் படுத்த பிறகு பள்ளம் எத்தனை செ.மீ என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து ரிவ்யூ எழுதுங்க. அடுத்து வாங்குபவருக்கு உதவும், செய்பவர்களுக்கும் எதை மாத்தணும்னு புரியும்!