எஞ்சியது மேற்சட்டை மட்டும்

இளைஞரின் ஒழுக்கத்தைக் கெடுக்க வந்தது என்ற பழி, ராக் அண்ட் ரோல் இசையின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது. ஆயினும் அதன் தொடக்க ஆண்டுகளிலேயே நீதி சொல்லும் பாடல்களும் தோன்றிவிட்டன என்பதை நாம் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை. 'பிளாக் டெனிம் டிரௌசர்ஸ் அண்ட் மோட்டார்சைக்கிள் பூட்ஸ்' அவற்றுள் ஒன்று. 1955இல் 'தி சியர்ஸ்' என்னும் மூவர் குழு கேப்பிடல் நிறுவனத்துக்காகப் பாடியது. இயற்றிய ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் இருவருக்கும் அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வயது 22. பில்போர்டு பட்டியலில் அது ஆறாம் இடம் வரை ஏறியது.

கதை எளியது. நெடுஞ்சாலையையே நடுங்கவைக்கும் ஒரு மோட்டார்சைக்கிள்காரன். கறுப்புக் கால்சட்டை, முரட்டுக் காலணி, முதுகில் கழுகு பொறித்த தோல் மேற்சட்டை. காதலியைவிட வண்டியே அவனுக்குப் பெரிது. இன்றிரவு போகாதே என்று அவள் மன்றாடுகிறாள், அவன் கேட்கவில்லை. மோதி மாண்டு போகிறான். அவனும் இல்லை, வண்டியும் இல்லை. உடைகள் மட்டும் கிடைக்கின்றன.

இப்பாடல் வெறும் கற்பனையிலிருந்து எழவில்லை. கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் 1947இல் மோட்டார்சைக்கிள்காரர்கள் செய்த கலாட்டா நாடெங்கும் செய்தியானது. அதன் நிழலில் உருவாகி 1953இல் வெளிவந்த 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ அணிந்த தோல் மேற்சட்டை, இளைஞர்களின் சீருடையாயிற்று. 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழுவொன்று, இளையோர் குற்றங்களுக்குச் சித்திரக்கதைகள் காரணமா என்று விசாரணையே நடத்தியது. பெற்றோரின் அந்த அச்சத்தை லீபரும் ஸ்டோலரும் நீதிக்கதையாக்கினர். கூடவே மெல்லக் கேலியும் செய்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் பாடலின் தலைப்பே உடையைப் பற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் செவியில் விழுவது அந்த உடையின் வருணனைதான். சாவு எச்சரிக்கிறது, மேற்சட்டையோ அழைக்கிறது. பாடல் பரவிய அதே இலையுதிர் காலத்தில், செப்டம்பர் 30 அன்று, நடிகர் ஜேம்ஸ் டீன் கார் விபத்தில் இறந்தார். அந்த மரணத்தை இளைஞர்கள் எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. அவரைத் தம் நாயகனாக்கிக்கொண்டனர்.

1956இல் ழான் திரேழாக் எழுதிய பிரெஞ்சு வடிவத்தை எடித் பியாஃப் பாடினார். 1964இல் 'தி ஷாங்ரி-லாஸ்' பாடிய 'லீடர் ஆஃப் தி பேக்' இதே அச்சில் வார்க்கப்பட்டது; பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. நீதி சொன்ன பாடலுக்கே தடை வந்ததில் வியப்பில்லை. பாவியைக் கொன்றுவிட்டு அவன் அழகை மட்டும் விட்டுவைக்கும் நீதிக்கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை, தடுத்தவர்களும் ரசித்தவர்களும் ஒருங்கே அறிந்திருந்தனர்.