முள் காட்டிய கணக்கு

திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நோக்கியா காலத்தில் எங்களுக்குக் கரண்ட் கணக்குச் சொன்னது மேசைமேல் இருந்த டிசி பவர் சப்ளைதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிவப்பு, கறுப்பு ஒயர்களைப் போனின் முனைகளில் பிடிப்போம். ஆன் பண்ணுவதற்கு முன்பே அதன் மீட்டர் முள் நகர்ந்தால் போர்டில் எங்கோ ஷார்ட். எந்த வேலைக்கு எவ்வளவு இழுக்கிறது என்று அந்த முள் பிரித்துக் காட்டாது. 1020 எம்ஏஎச் பேட்டரியே சில நாள் தாங்கிய காலம், யாரும் கேட்கவுமில்லை.

2009இல் ஆண்ட்ராய்டு 1.6 வந்தபோது எது எவ்வளவு பேட்டரி தின்கிறது என்ற பட்டியல் திரைக்கே வந்துவிட்டது, ஐபோனில் 2014இல். ஆனால் அது பெரும்பாலும் அளந்த எண் அல்ல, போட்ட கணக்கு. திரை, வைஃபை, சிபியு ஒவ்வொன்றும் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கும் என்று கம்பெனி எழுதிவைத்த எண்ணை, ஆப் அவற்றைப் பயன்படுத்திய நேரத்தால் பெருக்குகிறார்கள். கம்பெனி எண் தப்பென்றால் பட்டியலும் தப்பு. பிக்சல் 6 முதல்தான் கூகுள் போன்களில் மின்பாதைகளை உள்ளேயே அளக்கும் வசதி வந்தது.

பேட்டரி தீர்வதற்கு எப்போதும் ஆப்தான் காரணம் என்றில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம் பக்கமெல்லாம் கரண்ட் போனது. கரண்ட் போனால் டவரும் நின்றுபோகலாம். டவர் கிடைக்காத போன் சிக்னலைத் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். அதற்கு எந்த ஆப்பும் காரணமில்லை. அடுத்த புயலில் ஆப்பை அழித்துக்கொண்டிருக்காதீர்கள், டவர் கிடைக்காவிட்டால் ஏரோபிளேன் மோடில் போட்டுவையுங்கள்.